அட்டவணை: ஒரு சொல்லின் வரலாறு

பள்ளி திறந்ததும் வகுப்பில் முதலில் கேட்கும் குரல், "டீச்சர், ஜடுவால் வந்துடுச்சா?" என்பதுதான். "ஜடுவால்னு சொல்லாதீங்க, அட்டவணைன்னு நல்ல தமிழ்ல சொல்லுங்க" என்று ஒருமுறை திருத்தினேன். உடனே ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, "அட்டவணை தமிழ்ச் சொல்லா டீச்சர்?" என்று கேட்டாள். சட்டெனப் பதில் வரவில்லை. அன்று மாலை தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன்.

அட்டவணை என்ற சொல்லை மராத்தியின் 'ஆட்டவண்' என்பதோடு அகராதிகள் தொடர்புபடுத்துகின்றன. அதற்கு 'நினைவு' என்று பொருள். நினைவில் வைக்க வேண்டியதைக் குறித்து வைப்பதுதானே பதிவேடு! தஞ்சாவூரை 1676 முதல் 1855 வரை மராத்தியர் ஆண்டனர். அரண்மனைக் கணக்குகள் மராத்தியில், மோடி எழுத்தில் எழுதப்பட்டன. ஆட்சியோடும் கணக்கோடும் தொடர்புடைய மராத்திச் சொற்கள் தமிழில் கலக்க இத்தகைய சூழல் வழிவகுத்தது. பழைய அகராதிகளில் அட்டவணைக்குப் 'பதிவேடு', 'பொருளடக்கம்' போன்ற பொருள்களைக் காணலாம். பாட வேளைகளைக் காட்டும் கட்டங்கள் பிற்காலப் பயன்பாடு.

மலாய் 'ஜடுவால்' மட்டும் என்ன? அது அரபு 'ஜத்வல்'. முதற்பொருள் சிற்றோடை, பிறகு ஓடைபோல் நீளும் பத்தி, அதன்பின் அட்டவணை. ஆங்கில 'ஷெட்யூல்' லத்தீனிலிருந்து வந்தது. சிறு தாள்துண்டு என்பது அதன் பழைய பொருள். ஆக, மூன்று மொழியும் கடன் வாங்கித்தான் இருக்கின்றன.

தேர்வுக்கு எழுதும்போது மூன்றைக் கவனியுங்கள்.

1. அட்டவணை என்பது நிரை, நிரலாகக் கட்டமிட்டது. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் பட்டியல். விழா, கூட்டம் ஆகியவற்றின் வரிசைமுறை நிகழ்ச்சி நிரல்.

2. சட்டத்தின் பின்னிணைப்பும் அட்டவணைதான். மத்திய, மாநில அரசுகளின் அதிகாரப் பங்கீடு நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் உள்ளது.

3. 'அட்டவனை' என்று எழுதினால் பிழை. மராத்திச் சொல்லிலும் டண்ணகரம்தான். வரலாறு தெரிந்தால் எழுத்தும் மறக்காது.

மறுநாள் அந்த மாணவியிடம், "நீ கேட்டது சரியான கேள்விம்மா, நான் சொன்ன காரணம்தான் தப்பு" என்றேன். தேர்வுத்தாளில் அட்டவணை என்றே எழுதச் சொல்கிறேன். அது தூய தமிழ் என்பதற்காக இல்லை. தமிழ் அதைத் தன் ஒலிக்கேற்ப மாற்றி, தலைமுறை தலைமுறையாகப் புழங்கித் தனதாக்கிக்கொண்டது என்பதற்காக.