பந்தயம் தராத கியர்

குனிந்து பிடிக்கும் வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு சைக்கிளைப் பார்த்தவுடன் பந்தயம்தான் நினைவுக்கு வருகிறது. கடையில் விற்பவரும் வாங்குபவரும் அதே நினைப்போடுதான் பேசுகிறார்கள். பந்தயக்காரர்களுக்காகச் செய்த உயர்ந்த வண்டி ஒன்று மேலே இருக்கிறது, அதன் குணங்கள் ஆண்டுக்கு ஆண்டு கீழே வடிந்து இறங்குகின்றன, ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீடு திரும்புகிறவருக்குக் கடைசியாக வந்து சேருவது அந்த வடிகட்டிய மிச்சம் என்பது பரவலான நம்பிக்கை. இந்தச் சைக்கிளின் வரலாற்றைப் பிரான்சிலிருந்து பின்தொடர்ந்தால் வேறொரு கதை கிடைக்கிறது. சாமானியர் ஒருவர் ரோடு சைக்கிளில் மலை ஏற முடிகிறதென்றால், அதற்குக் காரணமான கியரைக் கண்டுபிடித்து வளர்த்தவர்கள் பொழுதுபோக்காக ஓட்டியவர்கள். பந்தய உலகம் அதைப் பல ஆண்டுகள் தடுத்தே வைத்திருந்தது.

லியோனுக்குத் தென்மேற்கே இருக்கும் சாந்த்-எத்தியென் நிலக்கரிக்கும் துப்பாக்கிக்கும் ரிப்பன் நெசவுக்கும் பேர்போன தொழில் நகரம். துப்பாக்கிப் பட்டறைகளில் நுட்பமாக இரும்பைக் கடையத் தெரிந்த கைகள் நிறைய இருந்ததால் சைக்கிள் தொழில் அங்கே எளிதாக வேர்விட்டது. பிரான்சில் செய்த முதல் நவீன சைக்கிளை 1886இல் அந்த ஊர் கோத்தியே சகோதரர்கள் உருவாக்கினார்கள். அங்கேதான் பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கு வந்தார் பால் தெ விவி. 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். சைவ உணவுக்காரர், எஸ்பெரான்டோ ஆர்வலர். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, வீம்புக்காக ஓட்டாதே என்று அவர் எழுதிய அறிவுரைகளை நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். ஊரைவிட்டுத் தெற்கே கிளம்பினால் 1,161 மீட்டர் உயரமுள்ள ரெப்பூப்ளிக் கணவாய் எதிரே நிற்கும். சமதரைக்கு ஏற்ற ஒரே பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு அதில் ஏறினால் முழங்கால் தாங்காது. ஏற்றத்துக்கு ஏற்றபடி சிறிய கியர் வைத்தால் இறக்கத்திலும் சமதரையிலும் காலைச் சுழற்றியே ஓய்ந்துபோக வேண்டும். இந்த எளிய கணக்குதான் வெலோசியோவை வாழ்நாள் முழுக்க உழைக்க வைத்தது. முதலில் பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரங்களை வைத்து, வண்டியை நிறுத்தி இறங்கிக் கையால் செயினை மாற்றிப் போட்டார். பிறகு அவரைச் சுற்றித் திரண்ட ஆர்வலர்களும் ஊர்ப் பட்டறைக்காரர்களும் ஆளுக்கொரு வழியைச் செய்து, அதே மலையில் ஏற்றிப் பார்த்தார்கள்.

அந்த வழிகளில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. தபால்வழி விற்பனைக்குப் புகழ்பெற்ற உள்ளூர் மானுபிரான்ஸ் தொழிற்சாலை இரோந்தெல் என்ற பெயரில் விற்ற சைக்கிளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புதுமை வந்தது. பின்சக்கரத்தில் இரண்டு ஃப்ரீவீல்கள் அடுத்தடுத்து இருக்கும். நீளமான ஒரே செயின் இரண்டையும் சுற்றி, ஒன்றின்மேல் நேராகவும் மற்றதன்மேல் எதிர்ப்பக்கமாகவும் ஓடும். வழக்கம்போல் முன்னோக்கி மிதித்தால் சமதரைக்கான பெரிய கியர். ஏற்றம் வந்தால் பெடலைப் பின்னோக்கி மிதிக்க வேண்டும். வண்டி முன்னால்தான் போகும், ஆனால் சிறிய கியரில். நெம்புகோல் கிடையாது, கம்பி கிடையாது, கெட்டுப்போக எதுவுமில்லை. பின்னோக்கி மிதிப்பது பழகக் கொஞ்சம் சிரமம் என்றாலும் இறங்கித் தள்ளுவதைவிட மேல். பந்தயத்தில் வெல்ல எண்ணுகிற ஒருவர் இப்படிப்பட்ட இயந்திரத்தைக் கனவிலும் வடிவமைத்திருக்க மாட்டார். சந்தை சாமான்களோடு மலைக்கிராமத்துக்குப் போகிறவரையும் விடுமுறையில் ஊர் பார்க்கக் கிளம்புகிறவரையும் மனத்தில் வைத்துச் செய்த வண்டி இது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும் டீரெய்லரையும் அதே ஊர் பட்டறைகள்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஜொவானி பனேல் செய்த ஷெமினோ அவற்றில் முன்னோடி.

இதே ஆண்டுகளில் பந்தய உலகம் என்ன செய்துகொண்டிருந்தது? 1902இல் பிரான்சின் டூரிங் கிளப் பிரனீஸ் மலைகளில் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் பயணச் சைக்கிள்களுக்கான போட்டி ஒன்று நடத்தியது. கியர் மாற்றும் வண்டிகளின் பயன் அங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அடுத்த ஆண்டு டூர் தெ பிரான்ஸைத் தொடங்கவிருந்த ஹென்றி தெகிராஞ்ச் அதை ஒப்பவில்லை. கியர் மாற்றுவது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான வசதி, தசையால் வெல்வதே வீரம் என்பது அவர் நிலைப்பாடு. அவர் நடத்திய டூரில் முன்னணி வீரர்கள் டீரெய்லர் பூட்ட 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரங்களை வைத்திருந்தார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, குளிரில் விறைத்த விரல்களால் இறக்கைத் திருகுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மீண்டும் முறுக்கிவிட்டு ஏறுவார்கள். தடை நீங்கிய அந்த ஆண்டே டீரெய்லர் பூட்டிய வண்டியில் ரோஜே லப்பெபி டூரை வென்றார். சாந்த்-எத்தியென் பொழுதுபோக்குக்காரர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பயன்படுத்தத் தொடங்கியிருந்ததைப் பந்தயம் அப்போதுதான் எட்டிப் பிடித்தது. வெலோசியோ அதைப் பார்க்கவில்லை. 1930இல் தம் ஊர்த் தெருவில் டிராம் மோதி இறந்துவிட்டார்.

தடை நீங்கியதற்கு முந்தைய ஆண்டில் நடந்ததும் இந்த வரலாற்றில் சேர வேண்டியதே. 1936 ஜூனில் லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும், ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளர்கள் சைக்கிளிலும் இருவர் மிதிக்கும் டேண்டத்திலும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார்கள். அவர்களில் பலர் கடலை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார்கள். ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பேற்ற லியோ லக்ராஞ்ச் ரயிலில் சலுகைக் கட்டணம் வாங்கித் தந்தார், இளைஞர் விடுதிகளை ஊக்குவித்தார். பொழுதுபோக்குச் சைக்கிளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எஃகுக் குழாயையும் கியரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்தச் சட்டத்தை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதல்ல. வண்டி மலிவாகக் கிடைத்தாலும், வாரம் ஆறு நாளும் வேலை பார்த்து ஏழாம் நாள் அசந்து தூங்குகிறவருக்கு அது வேலைக்குப் போகும் வாகனம் மட்டுமே. நாட்கள் கையில் இருந்தால்தான் தூரம் போகும் ஆசை வரும். தூரம் போகிறவருக்குத்தான் கியர் தேவைப்படும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதில் நியாயமும் உண்டு. காற்றடைத்த டயரைப் பரப்பியது பந்தயம்தானே? 1889இல் பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் வில்லியம் ஹியூம் வென்ற பிறகுதான் டன்லப்பின் டயரை உலகம் கவனித்தது. 1891இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தை ஷார்ல் தெரோன் வென்ற பிறகு கழற்றி மாட்டும் மிஷெலன் டயர் பேர் பெற்றது. உண்மை. ஆனால் 1888இல் ஜான் பாய்ட் டன்லப் அந்த டயரைச் செய்தது தம் சிறுவன் மூன்று சக்கர வண்டியில் குலுங்காமல் ஓட்டட்டும் என்பதற்காக. சொகுசுக்காகப் பிறந்த ஒன்றைப் பந்தயம் விளம்பரப்படுத்தியது. விளம்பரம் பெரிய உதவிதான், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. துல்லியோ காம்பஞோலோ 1930இல் கொண்டுவந்த, ஒரு நெம்பில் சக்கரத்தைக் கழற்றும் அச்சு பந்தயத்தின் சொந்தக் கொடை. இன்று பஞ்சர் ஒட்டுகிற ஒவ்வொருவருக்கும் அது பயன்படுகிறது. எனினும் அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். பாதி வழியில் சக்கரத்தைத் திருப்பிப் போட வேண்டிய கட்டாயம் பந்தயக்காரருக்குத்தான் இருந்தது. பயணச் சைக்கிளோட்டி இருக்கையைவிட்டு எழாமலே கியர் மாற்றிக்கொண்டிருந்தார்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கண்டுபிடித்தது ஆர்வலர்களாக இருக்கலாம். அதை மலிவாக்கியது பெருந்தொழிற்சாலை அல்லவா? ஆம். பாரிஸில் ரெனே எர்ஸ் போன்ற கைவினைஞர்கள் செய்த பயணச் சைக்கிள்கள் அழகானவை, விலையோ தொழிலாளிக்கு எட்டாதது. ஆனால் அந்தத் தொழிற்சாலைகள் யாரை நம்பி உற்பத்தி செய்தன என்று கேட்டால் விடை மறுபடி பொழுதுபோக்குக்காரரிடமே வந்து நிற்கிறது. அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 1960இல் அறிமுகப்படுத்திய வார்சிட்டி 17, 18 கிலோ கனத்தது. பந்தயக்காரர் திரும்பியும் பார்க்க மாட்டார். வளைந்த ஹேண்டில்பாரும் விரைவிலேயே வந்த பத்து கியரும் அதைச் சாதாரணக் குடும்பங்களுக்குள் கொண்டுசேர்த்தன. 1973இல் அந்த நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் விற்றன. 1975இல் விற்பனை அதில் பாதிக்கும் கீழே போனதும் நிஜம்தான், ஆனால் அதற்குள் ஜப்பானியப் பட்டறைகள் விழித்துக்கொண்டிருந்தன. சன்டூர் 1964இல் செய்த சாய்வு டீரெய்லர், ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் பூட்டிய விலையுயர்ந்த கருவிகளைவிட மலிவாகவும் சுத்தமாகவும் கியர் மாற்றியது. நெம்புகோலை நகர்த்தினால் ‘டக்’ என்று சரியான இடத்தில் நிற்கும் முறையை ஷிமானோ 1984இல் பந்தயத்துக்கான துராஏஸ் பாகங்களில் தந்து புகழ்பெற்றது. அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, கியர் மாற்றத் தடுமாறும் புதியவர்களுக்கான மலிவு வண்டிகளில் பாசிட்ரான் என்ற பெயரில் அதே நிறுவனம் அந்த முறையைக் கொடுத்திருந்தது. சன்டூரின் காப்புரிமை காலாவதியானதும் சாய்வு வடிவத்தையும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு விலை குறைந்ததில் வியப்பில்லை.

நம் ஊருக்கு இந்த மரபு தாமதமாகவே வந்தது. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் பல பத்தாண்டுகள் செய்து குவித்தவை பெரும்பாலும் கேரியரோடு கூடிய ஒற்றைக் கியர் வண்டிகள். மூட்டை சுமக்கவும் வேலைக்குப் போகவும் அவை போதும். இன்று தமிழ்நாட்டில் ரோடு சைக்கிள் வாங்குகிறவர் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஆசைப்படுகிறார். அவருக்கு வேண்டியதை எண்ணிலேயே சொல்லலாம். முன்னால் 39 பல், பின்னால் 25 பல் கொண்ட பழைய பந்தயக் கியரில் ஒரு மிதிக்கு வண்டி சுமார் மூன்றேகால் மீட்டர் நகரும். இன்றைய விலை குறைந்த ரோடு சைக்கிளில் கிடைக்கும் 34–க்கு 34 கியரில் இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒவ்வொரு மிதியிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பளு குறைகிறது. முன்பக்கம் சிறிய பல்சக்கரம் வைக்கும் வழக்கம் பிரெஞ்சுப் பயணச் சைக்கிள்களில் பல பத்தாண்டுகளாக இருந்ததுதான். அகலமான டயரும் மட்கார்டு மாட்டத் துளைகளும் அந்த மரபின் வழியே வந்தவை. டிஸ்க் பிரேக்கின் கதையும் கியரின் கதையைப் போன்றதே: மலைச் சைக்கிள்களிலும் அலுவலகம் போகும் வண்டிகளிலும் பழகிப்போன பிறகு, 2018இல்தான் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு அதை ரோடு பந்தயத்துக்கு முழுமையாக அனுமதித்தது. ஆகவே எடையை மட்டும் பார்த்து, மேலும் 400 கிராம் குறைய மேலும் பல ஆயிரங்களைச் செலவழிக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. குறைந்த கியர் எவ்வளவு, எத்தனை மில்லிமீட்டர் டயர் வரை இடம் இருக்கிறது என்று முதலில் கேட்பதே இந்த வண்டியின் வரலாற்றுக்குப் பொருத்தமானது.

சென்னையிலும் வேறு நகரங்களிலும் நடக்கும் பிரெவே என்னும் நெடுந்தூரப் பயணங்களில் இந்த மரபை நேராகவே பார்க்கலாம். விதிகள் பாரிஸின் ஒடாக்ஸ் கிளப்பிலிருந்து வந்தவை: 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள்ளும் 600 கிலோமீட்டரை 40 மணிக்குள்ளும் முடித்து, வழியிலுள்ள சோதனை நிலையங்களில் அட்டையில் பதிவு வாங்கினால் போதும். முதலிடமும் பரிசும் இல்லை. விலையுயர்ந்த கார்பன் வண்டிக்கும் அலுமினிய வண்டிக்கும் ஒரே கெடு. இந்த வகைப் பயணத்துக்கு 1904இல் வித்திட்டவர்களில் தெகிராஞ்சும் ஒருவர் என்பதை அவருக்குரிய நியாயமாகச் சொல்ல வேண்டும். தெரோன் வென்ற பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் தொழில்முறைப் பந்தயமாகக் கடைசியில் நடந்தது 1951இல். அதே 1,200 கிலோமீட்டரில் 1931இல் தொடங்கிய சாதாரணச் சைக்கிளோட்டிகளின் பயணம் இன்னும் நடக்கிறது. 2023இல் 6,000க்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள், அவர்களில் நூற்றுக்கணக்கானோர் இந்தியாவிலிருந்து போனவர்கள்.