வாக்குரிமையும் ஊர்ச் சுகாதாரமும்: கிண்ணியா தரும் படிப்பினை

உள்ளூராட்சி மன்றங்களை அரசியற் கட்சிகளின் பயிற்சிக் களமாக மட்டும் கருதுவோர் பலர். ஆயின் இலங்கையில் அம்மன்றங்கள் வளர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து, நோய்த் தடுப்பு அவற்றின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்றாக விளங்கியமை புலனாகும். 1876 ஆம் ஆண்டிற் பட்டினங்களுக்கென அமைக்கப்பட்ட சபைகள் சுகாதாரத்துக்கும் அபிவிருத்திக்குமான உள்ளூர்ச் சபைகள் என்றே பெயர் பெற்றன. 1892 இல் சிறு பட்டினங்களின் சுகாதாரத்துக்கெனத் தனியான கட்டளைச் சட்டம் எழுந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றைச் சபையின் பொறுப்பில் வைத்தது. எனவே, உள்ளூர்த் தேர்தலில் அளிக்கப்படும் வாக்கு, வடிகாலையும் கிணற்றையும் குப்பையையும் பற்றிய வாக்குமாகும்.

நோய்க்கும் வாக்குக்கும் உள்ள தொடர்பை நம் நாட்டு வரலாறு முன்னரே காட்டியுள்ளது. 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்துச் சில ஆண்டுகளே கழிந்த நிலையில், 1934-35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. கேகாலைப் பகுதியில் உணவும் மருந்தும் சுமந்து கிராமங்களுக்குச் சென்ற இளம் இடதுசாரிகள் 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். மறு ஆண்டு நடைபெற்ற சட்டசபைத் தேர்தலில் என். எம். பெரேரா ருவன்வெல்லையிலும் பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றியீட்டினர். துன்பகாலத்திலே தம்மை நாடி வந்தவர் யார் என்பதை மக்கள் மறந்திலர். அன்று மக்கள் கையில் வாக்கு இருந்தது. அதனைப் பயன்படுத்தத் தேர்தலும் இருந்தது.

2017 இல் கிண்ணியா மக்களின் நிலை வேறு. கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடையே அமைந்த இவ்வூர், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பழம்பதி. 2009 இல் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலைக்குச் செல்லத் தோணித்துறையையே இது நம்பியிருந்தது. 2017 மார்ச் மாதத்தில் இங்கு டெங்கு கடுமையாகப் பரவியது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாடசாலைகள் தற்காலிகமாக மூடப்பட்டன. வைத்தியசாலையில் நோயாளர் நிரம்பி வழிந்தனர். அவ்வாண்டு நாடு முழுவதிலும் 1,86,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று.

இவ்வேளை கிண்ணியாவின் நகர சபையிலும் பிரதேச சபையிலும் மக்கள் தெரிந்த உறுப்பினர் எவரும் இலர். முன்னைய சபைகளின் பதவிக்காலம் முடிவுற்ற பின், புதிய தேர்தல் முறை, வட்டார எல்லை நிர்ணயம் என்பவற்றால் நாடெங்கும் தேர்தல் பிற்போடப்பட்டிருந்தது. சபைகளை அரச அலுவலர்களே நடத்தினர். அவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் எம் நோக்கமன்று. ஆயின் ஈடிஸ் நுளம்பு தேங்கிய தெளிநீரில், எறிந்த சிரட்டையிலும் மூடாத தொட்டியிலும் பெருகுவது. இதனைத் தடுக்கும் பணி காய்ச்சல் வந்தபின் தொடங்குவதன்று; மழைக்கு முன்னரே வீடு வீடாகச் செய்யப்பட வேண்டியது. குப்பை அகற்றல் சபையின் கடமை. நோய்க் கண்காணிப்புச் சுகாதார வைத்திய அதிகாரியின் கடமை. வளவைத் துப்புரவாக வைத்தல் வீட்டாரின் கடமை. இம்மூன்றையும் இணைத்து, 'எம் ஒழுங்கைக்குக் குப்பை வண்டி ஏன் வரவில்லை?' என்ற வினாவைச் சபை மண்டபத்திலே எழுப்ப வேண்டியவன் வட்டார உறுப்பினன். அந்த இருக்கை வெறுமையாயிருந்தது. அடுத்த மாதம், ஏப்பிரல் 14 இல், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தபோதும் நாட்டில் இந்நிலையே நிலவியது.

தெரிவான சபை இருந்திருப்பின் டெங்கு வந்திராதா என்று ஒருவர் வினவலாம். வந்திராது என்று கூறுதல் வரலாற்று நெறியாகாது. 2018 பெப்ரவரி 10 இல் தேர்தல் நடைபெற்றுச் சபைகள் மீண்டும் அமைந்த பின்னரும், 2019 இல் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் டெங்குக்கு ஆளாயினர். மழையும் வைரசின் வகையும் மக்களின் நோயெதிர்ப்பு நிலையும் வாக்குக்குக் கட்டுப்படுவன அல்ல. தெரிவான உறுப்பினரும் கடமை தவறக்கூடும். ஆனால் கடமை தவறியவரை மக்கள் அடுத்த தேர்தலில் அகற்றலாம். இடமாற்றம் பெற்றுச் செல்லும் அலுவலரை அவ்வாறு செய்ய இயலாது. வேறுபாடு இதுவே. விகிதாசாரப் பட்டியல் முறையில் மறைந்திருந்த வட்டாரப் பிரதிநிதித்துவம் 2018 இல் மீண்டமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது.

எனினும் இப்படிப்பினை நெடுநாள் நிலைக்கவில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் மீண்டும் முடிவுற்றது. நிதியில்லை என்ற காரணத்தால் தேர்தல் நின்றது. அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இலேயே வாக்களிப்பு நடைபெற்றது. ஈராண்டுகளுக்கு மேலாக ஊர்கள் மறுபடியும் தம் பிரதிநிதிகளை இழந்திருந்தன.

தேர்தலைப் பிற்போடுதல் கட்சிகளின் இலாப நட்டக் கணக்காகவே பேசப்படுகின்றது. அக்கணக்கில் ஒழுங்கையில் தேங்கிய நீரும் சேர்க்கப்பட வேண்டும். மழைக்காலம் எந்தத் தேர்தலுக்காகவும் பிற்போடப்படுவதில்லை.