கல்லறைச் சுவரும் உயிர்ப்பு நம்பிக்கையும்



மறைந்தவர் ஒருவரின் பெயரால் இங்கே கூடியிருக்கிறோம். நம் இயக்கத்தின் நாட்காட்டி முழுக்க இறந்தவர்களின் தேதிகள்தான். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி: 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1997 ஜூன் 30, மேலவளவு: ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வெண்மணி வழக்கில் நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. தீர்ப்பு வந்த பிறகும் ஆண்டுதோறும் அங்கே போகிறோம். அந்தக் கணக்கு முடிந்துவிட்டதாக நாம் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் அதன் பொருள்.

கொல்லப்பட்டவருக்கு நீதி உண்டா? இந்தக் கேள்வியோடு கிறித்தவத்தின் உயிர்ப்பு நம்பிக்கையை அணுகலாம் என்று நினைக்கிறேன். கேட்பவர்களில் பௌத்தர்கள் உண்டு, நாத்திகர்கள் உண்டு. யாரையும் நம்பச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் அந்த நம்பிக்கையை எப்படி உருவாக்கினார்கள், ஆதிக்கம் அதை எப்படி அடக்கம் செய்தது என்ற வரலாறு நமக்கு வேண்டும்.

பழைய இஸ்ரயேலரிடம் இந்த நம்பிக்கை தெளிவாக இல்லை. நல்லவரும் தீயவரும் ஒன்றுபோல் பாதாளத்தின் நிழலுக்குப் போவார்கள் என்றே கருதினார்கள். நேர்மையாக வாழ்ந்தால் இந்த மண்ணிலேயே பலன் கிடைக்கும் என்பது பொதுவான பாடம். கி.மு. 167ஐ ஒட்டி அந்தப் பாடம் உடைந்தது. நான்காம் அந்தியோக்கு மன்னன் யூதச் சட்டத்தைத் தடைசெய்தான். அதைக் கைவிட மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். நேர்மையாக இருந்ததற்காகவே செத்தவர்களுக்கு என்ன பதில்? தானியேல் நூலின் 12ஆம் அதிகாரம் அந்த நெருக்கடியில் பிறந்தது. மண்ணில் உறங்குவோர் விழித்தெழுவர் என்கிறது அது. கத்தோலிக்க விவிலியத்தின் மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாயும் ஏழு மகன்களும் வதைபட்டுச் சாகிறார்கள். ஒரு மகன் தன் கைகளை நீட்டி, இவற்றைக் கடவுளிடமிருந்து திரும்பப் பெறுவேன் என்கிறான். உடலைத்தானே சிதைத்தார்கள், ஆகவே நீதியும் உடலுக்கே வர வேண்டும் என்பது அவன் வழக்கு. கோவில் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த சதுசேயர்கள் உயிர்ப்பை மறுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இருக்கும் ஒழுங்கில் சுகமாக இருப்பவருக்கு இறந்தவர் எழுவது தேவையற்ற தொல்லை.

சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமப் பேரரசு வைத்திருந்த தண்டனை. ஸ்பார்ட்டகஸ் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட கி.மு. 71இல் கப்புவாவிலிருந்து ரோம் வரை நெடுஞ்சாலையோரம் சுமார் 6,000 பேரைச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். பார்ப்பவர் அஞ்ச வேண்டும், செத்தவர் பெயரில்லாமல் போக வேண்டும் என்பதே திட்டம். அப்படிக் கொல்லப்பட்ட ஒரு கலிலேயத் தொழிலாளியைக் கடவுள் எழுப்பினார் என்று சொல்வது பேரரசின் தீர்ப்பைத் தள்ளுபடி செய்வதாகும். அதை முதலில் அறிவித்தவர்கள் மகதலா மரியாள் முதலான பெண்கள். சாட்சிக்கூண்டில் அவர்கள் சொல்லுக்குப் பெரிய மதிப்பில்லாத காலம் அது. யோவான் நற்செய்தியில் உயிர்த்தவர் தம் காயங்களைக் காட்டுகிறார். பழையதை மறந்துவிடு என்று அவர் சொல்லவில்லை. ஆணித் தழும்பே அவருக்கு அடையாளம்.

இந்த நம்பிக்கை தமிழ் மண்ணுக்கு வந்தபோது என்ன ஆனது? 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி சாதி வழக்கத்தைச் சமூகப் பழக்கம் என்று கருதி ஏற்றுக்கொண்டார். பின்னர் மேல்சாதிக்கும் கீழ்ச்சாதிக்கும் தனித்தனிக் குருமார் இயங்கினார்கள். 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். எதிர்ப்பு கிளம்பியது, பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இரண்டு கூடங்களாகப் பிரித்தே ஆலயம் கட்டினார்கள். 1910இல்தான் அங்கே தடுப்பு அகற்றப்பட்டது, அதுவும் கலவரத்துக்கும் வழக்குக்கும் நடுவே.

தலித் கிறித்தவர்களுக்கோ சுவர் கல்லறை வரை வந்தது. ஊருக்கு ஊர் தனிக் கல்லறை, தனிப் பிணவண்டி. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்த சுவர் பல ஆண்டுப் போராட்டத்துக்குக் காரணமானது. 'கல்லறைத் தோட்டம்' என்பதற்கான கிரேக்கச் சொல்லின் பொருள் உறங்குமிடம். எல்லோரும் ஒரே நாளில் விழித்தெழுவார்கள் என்று நம்பியவர்கள் வைத்த பெயர் அது. அந்த இடத்தின் நடுவே சுவர் எழுப்புகிறவர் விழித்தெழும் நாளிலும் சேரியும் ஊரும் இருக்கும் என்று நம்புகிறார். அவர் அறிக்கையிடும் விசுவாசத்தை அந்தச் செங்கல் மறுக்கிறது.

அம்பேத்கர் இதை முன்பே பார்த்தார். மதம் மாறியவரின் நிலை குறித்து எழுதும்போது, துன்பத்துக்குக் காரணம் ஆதிப்பாவம் என்று போதிப்பது, பிறர் இழைக்கும் அநீதியை எதிர்க்கும் ஊக்கத்தைக் குறைக்கிறது என்று குற்றம் சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டுக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. மறுமையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லும் உயிர்ப்பு நமக்கு உதவாது. மக்கபேயர் காலத்து உயிர்ப்பு அப்படிப்பட்டதல்ல. அது கொலைகாரனின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது.

அரசின் சுவர் ஒன்றும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. 1985இல் செருப்புத் தைக்கும் தொழிலாளி சூசையின் வழக்கில், மதம் மாறிய பின்னும் சாதி இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதவில்லை என்று உச்சநீதிமன்றம் சொன்னது. கல்லறைச் சுவரைவிட வேறென்ன சான்று வேண்டும்? திருச்சபை தன் சுவரை மூடி மறைக்கும்போது, தன் மக்களின் உரிமைக்கான ஆவணத்தையும் சேர்த்தே மறைக்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் தெருவில் இறங்கிய மக்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் நம்பிக்கை எங்கே? மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சாவு மேளம் என்று இழிவுபடுத்தப்பட்ட தோல் கருவி பீடத்தருகே முழங்கியது. சாவுக்கென்று ஒதுக்கப்பட்டது வாழ்வை அறிவித்ததை அந்த மக்கள் உயிர்ப்பு என்று புரிந்துகொண்டார்கள். அதை விளக்க அவர்களுக்கு வேறு உரை தேவைப்படவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று உங்கள் வட்டாரக் கல்லறைகளுக்குப் போங்கள். எங்கே சுவர், எங்கே வேலி, எங்கே தனிப் பாதை, யார் பெயருக்குக் கல் இருக்கிறது, யாருக்கு மண்மேடு மட்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதியவர்களிடம் அங்கே கிடப்பவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். நீதிமன்றம் கேட்ட சான்று அதில் இருக்கிறது. பேரரசு மறக்கச் சொன்ன பெயர்களை விடாமல் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கலிலேயப் பெண்கள் செய்த வேலையும் இதுதான்.