நீராவிக் கப்பலும் பக்கீர் சேட்டின் 8,000 பங்குகளும்

கடலில் செல்லும் கப்பல்களையும் அவற்றைச் செலுத்தும் காற்றையும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளாகத் திருமறையின் 42-ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய ஊர்களிலிருந்து பாய்மரக் கப்பல் செலுத்திய நம் முன்னோர் அக்காற்றின் காலக்கணக்கை நன்கறிந்திருந்தனர். அவ்வறிவே அவர்களுடைய மூலதனம். 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லே ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆயிற்று.

நீராவி அந்த மூலதனத்தைச் செல்லாக்காசாக்கியது. டமாஸ்கஸில் பிறந்த அறிஞர் தகிய்யுத்தீன், நீராவியால் சுழலும் இறைச்சிக் கம்பியை 1551-இலேயே விவரித்துள்ளார். இதைச் சொல்லிப் பெருமைப்படுவோர் நம்மில் உண்டு. அது அடுக்களையைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1769-இல் ஜேம்ஸ் வாட், நீராவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் அமைத்துக் காப்புரிமை பெற்றார். நிலக்கரிச் செலவு குறைந்தது. ஆலைகளும், பின்னர் கப்பல்களும் நீராவிக்கு மாறின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், காற்றுக்குக் காத்திராமல் குறித்த நாளில் புறப்படும் கப்பலையே வணிகர் நாடினர். அத்தகைய கப்பலை வாங்கவும் நிலக்கரியிட்டு ஓட்டவும் தனியொருவரின் கைப்பொருள் போதாது. தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பிடிக்குள் சென்றது.

இதற்கு விடையாகவே வ.உ.சிதம்பரனார் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதில் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதி! வ.உ.சி.யை அறியாத தமிழர் இல்லை. ஹாஜியாரின் பெயரோ நம் மதரஸாப் பிள்ளைகளுக்கே தெரியாது.

முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல்களே ஓடின. அவற்றை நம்பியிருக்க இயலாது என்பது விரைவில் விளங்கியது. 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், குடை ஒன்று அன்பளிப்பாகத் தருவதாகவும் அறிவித்தது. பெருமுதல் படைத்தவர் நட்டத்தையும் ஆயுதமாக்குவர். 25 ரூபாய்ப் பங்குதாரர்களால் அது எவ்வளவு நாள் இயலும்?

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912-இல் விடுதலையான அவர், வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையையும் இழந்து, சென்னைக்கு வந்து வறுமையில் வாழ்ந்தார். காலியா கப்பலோ போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டுவிட்டது.