மொட்டைக் கோபுரமும் கண்ணாடித் தகடும்

தென்காசிக் காசி விசுவநாதர் திருக்கோயிலை எழுப்பியவன் 15ஆம் நூற்றாண்டின் பராக்கிரம பாண்டியன். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாக அம்மன்னன் கல்வெட்டில் பாடல் பொறித்து வைத்தான். அவன் அஞ்சியவாறே கோபுரம் சிதைந்தது. நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990இல் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்தது. அதன்பின் பிறந்தோர்க்குப் பிளவுபட்ட பழைய தோற்றத்தைக் காட்டுபவை பெரிதும் நிழற்படங்களே.

அவற்றின் ஆயுளோ உறுதியற்றது. கண்ணாடித் தகட்டில் படத்தைத் தாங்கி நிற்பது மெல்லிய ஜெலட்டின் பூச்சு. குற்றாலச் சாரல் உடலுக்கு இதம். அந்த ஈரமே பூச்சுக்குப் பகை. பூஞ்சை படரும்; பூச்சு உரியும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தென்னகக் கோயில்களைப் படமெடுத்துத் தொகுத்தது. பின்னர், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழகத்து ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுக்கப்பட்ட படங்களைத் தேடிக் கணினியில் பதிவு செய்தது. அப்பதிவு தகட்டுக்கு மாற்றன்று. தகடு அழியினும் காட்சி அழியாதிருக்கும் காப்பு.

நம் வீட்டுப் பரண்களிலும் இத்தகைய தகடுகள் உறங்கக்கூடும். கல்லைக் காப்பவர்க்குப் பாண்டியன் செய்த வணக்கம், அக்கல்லின் பழைய வடிவைக் காப்பவர்க்கும் உரியதே.