அதிகமாகச் சாப்பிட்ட பின் வரும் குற்றவுணர்வு: அறிய வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

உடல் எடையைக் குறைக்க முயலும் ஒருவர் கல்யாண வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். அன்றிரவு வயிற்றுப் பாரத்தோடு 'இத்தனை நாள் பட்ட பாடு வீணாகிவிட்டது' என்ற எண்ணமும் அவரை வாட்டுகிறது. வரிப்பத்தான்சேனையில் வலீமா, கந்தூரி, இப்தார், இரண்டு பெருநாள்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னர் இந்தப் பேச்சை நான் கேட்பதுண்டு. நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ இருப்பதால் எடையைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்னவர்களிடம் அது இன்னும் அதிகம்.

அந்த ஒருவேளைச் சாப்பாட்டை விட, அதற்குப் பின் வரும் குற்றவுணர்வில் நாம் செய்பவைதான் பெரும்பாலும் உடலுக்குக் கெடுதலாகின்றன. அதனால் இதை விரிவாகவே பார்க்கலாம்.

பட்டினியை அறிந்த உடல்

எங்கள் மக்களுக்குச் சாப்பாடு வெறும் கலோரிக் கணக்கு அல்ல. 1990களின் பொருளாதாரத் தடை, இடப்பெயர்வு, 2004 சுனாமிக்குப் பிந்திய முகாம் வாழ்க்கை, 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்காக நின்ற வரிசை, 2022இன் பொருளாதார நெருக்கடி என்று பசியின் நினைவு பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த வீடுகளில் தட்டில் சோற்றை மீதி வைப்பது குற்றமாகத் தெரியும். எடை குறைக்க முயல்பவருக்கோ அதைச் சாப்பிட்டு முடிப்பதும் குற்றமாகத் தெரியும். எதைச் செய்தாலும் மனம் குத்தும்.

பசி மனிதரை எப்படி மாற்றுகிறது என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944-45இல் ஆராய்ந்தார். தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு ஆறு மாதங்கள் வழக்கத்தின் பாதியளவு உணவே கொடுக்கப்பட்டது. அவர்கள் உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கை இழந்தார்கள். பகலும் இரவும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலர் வயிறு நிரம்பியும் பசி அடங்காமல் சாப்பிட்டார்கள். அவர்கள் உடலும் மனமும் ஆரோக்கியமானவர்கள் என்று பார்த்துத் தெரிவு செய்யப்பட்டவர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் அளவு மீறுவது ஒழுக்கக் குறைவு அல்ல, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை என்பதை அந்த ஆய்வு காட்டியது. கடுமையான 'டயட்' இருப்பவருக்கும் இது ஓரளவு பொருந்தும். காலையையும் பகலையும் பட்டினியாகக் கழித்தவர் இரவில் அளவு மீறுவதற்கு இதுவே பொதுவான காரணம்.

'இனி என்ன?' என்ற பொறி

1975இல் பீட்டர் ஹேர்மன் என்ற உளவியலாளரும் அவரது சகாவும் ஓர் ஆய்வு செய்தார்கள். மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்த பின் ஐஸ்கிரீமைச் சுவை பார்க்கச் சொன்னார்கள். உணவைக் கட்டுப்படுத்தாதவர்கள் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் மில்க் ஷேக் குடித்தவர்களோ, அதைக் குடிக்காதவர்களை விட அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி என்ன?' என்பதே அந்த மனநிலை. ஒரு துண்டு வட்டிலப்பத்தில் தொடங்குவது அன்றைய நாள் முழுதும் நீள்வது இப்படித்தான்.

2007இல் கிளயர் ஆடம்ஸ், மார்க் லியரி ஆகியோரின் ஆய்வு மாற்று வழியைக் காட்டியது. டோநட் சாப்பிட்ட பெண்களில் ஒரு பகுதியினரிடம் 'இது எல்லோருக்கும் நடப்பதுதான், உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்' என்ற கருத்தில் பேசினார்கள். வழக்கமாக உணவைக் கட்டுப்படுத்தும் பெண்களில், அப்படிச் சொல்லப்பட்டவர்கள் அடுத்து வைத்த இனிப்பைக் குறைவாகவே சாப்பிட்டார்கள்.

ஒருவேளைச் சாப்பாடு எவ்வளவு ஏற்றும்?

ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். விருந்தில் தேவைக்கு மேல் 1,000 கலோரி சாப்பிட்டால் அதிகபட்சம் 130 கிராம் கொழுப்புச் சேரலாம். மறுநாள் தராசு ஒன்றரை, இரண்டு கிலோ கூட்டிக் காட்டினால் அதில் பெரும்பகுதி நீரும் செரிக்காத உணவும்தான். உப்பும் மாப்பொருளும் உடலில் நீரைப் பிடித்து வைக்கின்றன. சில நாட்களில் அது இறங்கிவிடும். ஆகவே விருந்துக்கு மறுநாள் எடை பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் பார்த்தால் போதும்.

மறுநாள் செய்ய வேண்டியவை

- அடுத்த வேளையைத் தவிர்க்காதீர்கள். வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். தட்டின் பாதியில் மரக்கறியும் கீரையும் இருக்கட்டும்.
- நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் தாமாக மருந்தைக் கூட்டவோ சாப்பாட்டை விடவோ கூடாது. குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.
- வாந்தி எடுப்பதும் பேதி மருந்து குடிப்பதும் வேண்டாம். உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே குழம்பலாம்.
- நோன்பு ஒரு வணக்கம். அதை உடலுக்குத் தண்டனையாக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் நோன்பு பிடிக்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள்.
- அரை மணி நேரம் நடங்கள். வெளியே நடக்க வசதியில்லாத பெண்கள் வீட்டு முற்றத்தில் பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் பலன் உண்டு.
- ஏன் அளவு மீறியது என்று பாருங்கள். பசியா, கவலையா, தூக்கமின்மையா, உபசரிப்பா? காரணம் தெரிந்தால் அடுத்த முறைக்கு வழி தெரியும்.

விருந்துக்குப் போகும்போது

பட்டினி கிடந்து போகாதீர்கள். பலர் சேர்ந்து ஒரே சஹனில் சாப்பிடும்போது எவ்வளவு சாப்பிட்டோம் என்பதே தெரியாது. முதலில் உங்கள் பக்கத்துக்குக் குறைவாக எடுத்து, மெதுவாகச் சாப்பிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று மாமி வற்புறுத்தினால், 'நல்லா இருக்கு மாமி, வீட்டுக்குக் கொண்டு போறேன்' என்று சொல்லலாம். அவர் மனமும் நோகாது, சோறும் வீணாகாது. வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிவழிப் போதனை எங்கள் ஊரில் பலருக்கும் மனப்பாடம். அதைச் சோறு போடும் முன் நினைப்பதே பயன். சாப்பிட்டு முடித்தவரைக் குத்திக்காட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள்.

உதவி தேட வேண்டிய நிலை

விருந்தில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவது நோயல்ல. ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது, மூன்று மாதங்களாக, நிறுத்த முடியாமல் பெருமளவு சாப்பிடுகிறீர்களா? பசியில்லாதபோதும், மிக வேகமாகவும், வெட்கத்தால் தனிமையிலும் சாப்பிட்டு, பின்னர் உங்களையே வெறுக்கிறீர்களா? அது மிகையுணவுக் கோளாறாக இருக்கலாம். 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதைத் தனி நோயாக ஏற்றது. பேச்சுவழிச் சிகிச்சையால் பலர் இதிலிருந்து மீள முடியும். போரில் இழந்தவர்களின் நினைவு, தூக்கமின்மை, தனிமை ஆகியவற்றோடு இது சேர்ந்து வந்தால் அவற்றையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் கட்டணம் இல்லை. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 35 வயதைக் கடந்தவர்கள் அரசின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் எடை, குருதி அழுத்தம், குருதிச் சீனி ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கலாம். உங்கள் பகுதிக்கான நாளையும் இடத்தையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம்.