தராசு முள்

புனேயில் என் ரூம்மேட் கிறிஸ்தவ ஆன்மிகத்தையும் கோச்சிங்கையும் இணைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். "ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிரித்தேன். அவர் சொன்ன சரித்திரம் இது.

சென்னை லயோலா காலேஜ் தெரியுமில்லையா? அந்தப் பெயருக்குரிய இஞ்ஞாசியார், 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் சில குறிப்புகள் எழுதத் தொடங்கினார். அதுதான் 'ஆன்மிகப் பயிற்சிகள்'. 1548-ல் போப் மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்தார். அதில் வழிகாட்டுபவருக்கு ஒரு கட்டளை: முடிவெடுக்க வந்தவரை எந்தப் பக்கமும் சாய்க்காதே, தராசு முள் போல நடுவில் நில்.

1974-ல் டென்னிஸ் பயிற்சியாளர் திமோதி கால்வே, ஓயாமல் சொல்லிக்கொடுப்பதைவிட ஆடுபவரையே கவனிக்க வைப்பது மேல் என்று எழுதினார். ஜான் விட்மோரின் 1992 புத்தகம் அதை ஆபீசுக்குள் பரப்பியது. பதில் சொல்லாதே, கேள்வி கேள்!

எங்களுக்கும் அந்த டிரெயினிங் உண்டு. போன மாதம் டீம் பையன் ஒருவன், "அம்மாவுக்கு முடியலை, வேலையை விட்டுட்டு ஊருக்குப் போகவா சார்?" என்றான். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். ஆனால் ரிலீஸ் தேதி நெருங்கியிருந்தது. எல்லாக் கேள்வியும் 'இரு' என்ற பக்கமே சாய்ந்தன. அவனும் இருந்துவிட்டான்.

சம்பளம் தருவது கம்பெனி என்றால் முள் எப்படி நடுவில் நிற்கும்? ஆய்வில் இதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?